தேடிய கட்டத்தில் மிச்சம் இருந்தது

கடலோர மீட்பு நிலையத்தின் மாடியில் ஜன்னலே இல்லாத ஓர் அறை உண்டு. கடலில் காணாமல் போனவர்களைத் தேடும் வேலை அங்கிருந்துதான் தொடங்கும். கடல் வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் ஆள் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடுபவளுக்கு நிலையத்தில் வைத்த பெயர் கட்டக்கா. முன்பு கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவள். வீட்டிலும் கட்டம்தான் என்று கணவர் கிண்டலடிப்பார். அவர் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டு நின்றால், கடைசியாக எங்கே படித்தீர்கள் என்று விசாரித்து வீட்டையே நாலாகப் பிரித்துவிடுவாள். கண்ணாடி பெரும்பாலும் அவர் தலைமேல்தான் இருக்கும்.

ஒருநாள் அண்ணன் தம்பி இருவர் மீன்பிடிக்கப் போன படகு திரும்பவில்லை. இன்ஜின் நின்றுவிட்டது என்று ரேடியோவில் சொன்னதோடு சரி, அப்புறம் பேச்சில்லை. காற்றையும் நீரோட்டத்தையும் வைத்துக் கட்டக்கா கணக்குப் போட்டாள். ஒரு கட்டத்துக்கு மட்டும் பாதிக்குப் பாதி வாய்ப்பு வந்தது. மீதிப் பாதியைச் சுற்றியிருந்த மூன்று கட்டங்கள் பங்குபோட்டுக்கொண்டன. ஹெலிகாப்டர் முதல் கட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தது.

எண்ணெய் நிரப்பிக்கொண்டு பக்கத்துக் கட்டத்துக்குக் கிளம்பத் தயாரானார் விமானி. கட்டக்கா மறுபடி பழைய கட்டத்துக்கே போகச் சொன்னாள். இடைப்பட்ட நேரத்தில் படகு மிதந்து போயிருக்கும் தூரத்துக்குக் கட்டங்களையும் நகர்த்தி வைத்திருந்தாள்.

"அங்கதான் இண்டு இடுக்கு விடாம பார்த்துட்டோமே மேடம்."

"பார்த்தீங்க, இல்லைங்கல. பார்த்தா தெரியுற மாதிரியா இருந்துச்சு கடல்?"

விமானி யோசித்தார். கடல் முழுக்க வெள்ளை நுரை. நடுவே வெள்ளைப் படகு ஒன்று கவிழ்ந்து கிடந்தால், பத்துக்கு நாலு தடவை கண்ணில் பட்டாலே பெரிது என்று ஒப்புக்கொண்டார்.

கட்டக்காவுக்கு அந்த நாலுதான் வேண்டியிருந்தது. தேடிக் கிடைக்காததால் வாய்ப்பு குறைந்தது நிஜம். ஆனாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தக் கட்டத்திலேயே மிச்சம் இருந்தது. மற்ற எந்தக் கட்டமும் அதன் கிட்டே வரவில்லை.

கீழே காத்திருந்த அண்ணனின் மனைவிக்கு விஷயம் எட்டியதும் விறுவிறுவென்று மாடியேறி வந்துவிட்டாள். பார்த்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் மற்ற இடத்தை எப்போது பார்ப்பது என்று கேட்டாள். கட்டக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு அவளை உட்கார வைத்தாள்.

"கரண்ட் போன நேரத்துல சமையலறையில சாவியைத் தேடுறீங்க, கிடைக்கல. அங்க இல்லைன்னு முடிவு பண்ணிடுவீங்களாம்மா?"

டார்ச்சை எடுத்துக்கொண்டு திரும்பவும் பார்ப்பேன் என்றாள் அவள்.

"அதைத்தான் பண்றோம். இப்ப காத்து தணிஞ்சிருக்கு."

"அங்கதான் இருக்காங்கன்னு சத்தியமா சொல்லுவீங்களா?"

"மாட்டேம்மா. மத்த இடத்தைவிட அங்க வாய்ப்பு அதிகம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு, போட்ட கணக்கை இன்னொரு முறை சரிபார்த்தாள். கணக்கு பிசகினால் அன்றைய வெளிச்சமும் வீண், இரண்டு உயிரும் போச்சு. ஆனால் ஆறுதலுக்காகக்கூட ஒரு பொய்யை அவள் வாயிலிருந்து வரவழைக்க முடியாது.

ஹெலிகாப்டர் திரும்பிப் போன அதே கட்டத்தின் ஓரத்தில், கவிழ்ந்த படகின் முதுகைக் கட்டிப்பிடித்தபடி இருவரும் கிடந்தார்கள். அண்ணனுக்குக் கை ஓய்ந்துபோயிருந்ததால், தம்பி கயிற்றால் அவரைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தான். ரெண்டு பேருக்கும் உயிர் இருக்கிறது என்று ரேடியோவில் வந்ததும் அந்தப் பெண் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கட்டக்கா குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்.

எல்லாத் தேடலும் அப்படி முடிந்ததில்லை. நீந்தப் போன ஓர் இளைஞனைத் தேடியபோது, எல்லாக் கட்டங்களையும் நல்ல வெளிச்சத்தில் திரும்பத் திரும்பப் பார்த்தும் பலனில்லை. தேடலை நிறுத்தும் செய்தியை அவள் வேறு யாரிடமும் தள்ளிவிடவில்லை. தானே இறங்கிப் போய் அவன் அப்பாவிடம் சொல்லி, சொந்தக்காரர்கள் வரும்வரை அவர் பக்கத்திலேயே இருந்தாள்.

விமானி இன்றுவரை அவளைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு முறை தரையிறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றும் முன்னே மாடிக்கு வந்துவிடுவார். அலை எப்படி, மேகம் எப்படி, தன் கண்ணுக்கு எவ்வளவு தப்பியிருக்கும் என்று ஒன்றுவிடாமல் ஒப்பிப்பார், வெயில் கூசியதில் ஒரு பக்கத்தைச் சரியாகவே பார்க்கவில்லை என்பது உட்பட.