பெருவிரல் பதிந்த பொரிவிளாங்காய்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் துஷி சைக்கிள் ஓடிவிட்டு வந்து, மினுங்குகிற கடதாசியில் சுற்றிய ஒரு துண்டை என் கையில் வைத்தாள். அவளுக்குக் கிளிநொச்சியில் கந்தோர் வேலை. கிழமை முழுக்கக் கதிரையில் இருந்து இடுப்புப் பிடிக்கிறதாம். அதனால் ஞாயிறுகளில் கூட்டாளிமாரோடு முல்லைத்தீவுக் கடற்கரை வரைக்கும் சைக்கிள் ஓட்டம். எங்கள் காலத்தில் சைக்கிள் ஓடாமல் இருக்க மாட்டோமா என்றுதான் ஏங்கினோம். இப்போது கியர் சைக்கிள் வாங்கி, வேர்த்து வழிய ஓடி, அதைப் படமும் பிடித்துப் போடுகிறார்கள். இருக்கட்டும், பிள்ளைகளின் காலம்.

“தின்னுங்கோ அப்பா, எனர்ஜி பார். தூரம் ஓடேக்க களைக்காது.”

கடித்தேன். கடிக்கப் பார்த்தேன் என்று சொல்வதுதான் சரி. கடைவாயில் இரண்டு பக்கமும் எனக்குப் பல் இல்லை. ஊறவிட்டுப் பார்த்ததில் பயறு, எள்ளு, ஏதோ ஒரு மா, பனங்கட்டி மாதிரி இனிப்பு. வறுத்த பயற்றின் வாசம் மூக்கில் ஏறியதும் மிச்சத்தைக் கடதாசியிலேயே திரும்பச் சுற்றி வைத்தேன்.

“இதை வீட்டிலயே செய்யலாமே அம்மா?” என்று துஷி குசினிப் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

என் மனிசி தவம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “கொப்பரைக் கேள். அவருக்குத்தான் அதின்ர ருசி வடிவாத் தெரியும்.”

துஷி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு விஷயம் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் என்னைத் திட்டினாலும் எனக்குக் கேட்கப்போவதில்லை.

சண்டையும் பொருளாதாரத் தடையுமாய் எங்கள் பக்கம் பெற்றோல் வராத காலம். சங்கிலிக்குத் தேங்காயெண்ணெய் விட்டு, ஒட்டின இடத்திலேயே திரும்பவும் ரியூப்பை ஒட்டி ஓடின காலம். எனக்கு வீடு விசுவமடுவில், வேலை துணுக்காய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில். ஞாயிறு காலை வெளிக்கிட்டால் பொழுது சாயப் போய்ச் சேரலாம். கிழமை நாட்களில் அங்கேயே தங்கி, வெள்ளி பள்ளிக்கூடம் விட்டதும் திரும்பவும் அதே மிதி. வட்டக்கச்சியால் குறுக்கே விழுந்து இரணைமடுச் சந்தியில் ஏறி, முறிகண்டி, கொக்காவில், மாங்குளம். முப்பது மைலுக்கு மேல் வரும். சோளகம் எழும்பிவிட்டால் அந்த முப்பதும் அறுபதாகும். காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். நாங்கள் நாலு மாஸ்டர்மார் ஒருவன் பின்னால் ஒருவன் ஒளிந்து ஒளிந்து ஓடுவோம்.

தூரம் ஓடுகிறவனுக்குப் பசி வயிற்றில் தொடங்காது. முதலில் முழங்கால் இளகும். பிறகு காரணமில்லாமல் கோபம் வரும். முன்னால் போகிறவனின் முதுகைப் பார்க்கவே எரிச்சலாக இருக்கும். அப்போது வாயில் ஏதாவது போடாவிட்டால் நீங்கள் சைக்கிளை உருட்டத்தான் வேண்டும். ஆகவே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பார்சல் வரும். எள்ளுப்பாகு, பயற்றம்பணியாரம், புழுக்கொடியல், பனாட்டு.

முறிகண்டியில் நிற்காமல் ஒருவரும் போவதில்லை, நாங்களும் நிற்போம். பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்துவிட்டு, மரத்தின்கீழ் ஒரு சாரத்தை விரித்து நாலு பார்சலையும் கொட்டுவோம். வெறும் சாப்பாடு என்று நினைக்காதீர்கள். அது நாலு மனிசிமாருக்கும் கிழமைக்கொரு சோதனை. ஆருடைய கை பக்குவம், ஆர் இனிப்பில் கஞ்சத்தனம், எல்லாவற்றுக்கும் புள்ளி போடுவோம். எங்கள் நாலு பேரில் ஒருவனுக்கும் அடுப்பு மூட்டத் தெரியாது.

நான் கலியாணம் கட்டி மூன்றாம் மாதம், தவம் முதல்முறையாகப் பயறும் பனங்கட்டியும் சேர்த்து உருட்டி ஆறு பொரிவிளாங்காய் செய்து தந்தாள். எங்கள் பகுதி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஆட்கள். எங்கள் வீட்டுப் பொரிவிளாங்காய் கடித்தால் பொருபொருவென்று உடையும். தவம் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளை. அவளுடையது கறுப்பாய், கூழாங்கல் மாதிரி, ஒரு பக்கத்தில் பெருவிரலால் அமத்திய ஒரு குழியோடு இருந்தது. தகரப் பேணிக்குள் உருளாமல் இருக்க அப்படிச் செய்வாளாம்.

எங்களில் மூத்தவர் கணக்கு மாஸ்டர். வாய் கொஞ்சம் நீளம். அவர் ஒன்றை எடுத்துக் கடித்தார், கன்னத்தைப் பொத்தினார், பிறகு அதைப் பக்கத்துக் கல்லில் எறிந்தார். ‘டொக்’ என்று தெறித்து மூன்று முழத்துக்கு அங்கால் போய் விழுந்தது. உடையவில்லை.

“இது பலகாரமோ மாஸ்டர், பெயாரிங் குண்டோ?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். என்ன செய்ய, எனக்கும் வாய் இருக்கிறதே! “சீதனத்தோட ஒரு சுத்தியலும் தந்தவை. நான்தான் எடுத்துவர மறந்திட்டன்” என்றேன். மரத்தில் இருந்த குரங்கு பாய்கிற அளவுக்குச் சிரிப்பு. அந்தப் பகிடியை நினைத்து நான் மாங்குளம் வரைக்கும் பெருமைப்பட்டுக்கொண்டு மிதித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாங்குளத்தில் எனக்குப் பட்டம் கிடைத்தது: சுத்தியல் மாஸ்டர். அதற்குப் பிறகுதான் வெட்கம் வந்தது. என்மேல் வரவில்லை, அவள்மேல் வந்தது.

வெள்ளி வந்து படலையடியில் இறங்க, தவம் நிற்கிறாள்.

“எப்பிடி இருந்தது?”

அந்த முகத்துக்கு என்ன சொல்ல? “சோக்கா இருந்தது. எல்லாரும் கேட்டுக் கேட்டுத் திண்டவை.”

“மெய்யாவோ? அப்ப இனிக் கூடச் செய்துவிடுறன்.”

அடுத்த ஞாயிறு பேணிக்குள் பத்து இருந்தது. முறிகண்டிக்கு அரை மைல் முன்னால் ஒரு மதகு. மற்றவர்களைவிட நான் இளந்தாரி என்பதால் முன்னுக்கு ஓடிப்போய் மதகுக் கட்டோடு சாய்ந்தேன். வாய்க்கால் வற்றிக் கிடந்தது. பத்தையும் உள்ளே கொட்டினேன். குரங்கு தின்னும், வாயில்லாச் சீவன், புண்ணியம் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். பிள்ளையாருக்கு முன்னால் பொய் சொல்லக் கூடாது பாருங்கள், அதனால் மதகடியிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டேன். “மனிசிக்கு ஏலாது, இந்தமுறை ஒண்டும் தந்துவிடேல்லை” என்று கூட்டாளிகளுக்குச் சொல்லி, அவர்களுடைய எள்ளுப்பாகைத் தின்றேன்.

இப்படி இரண்டரை மாதம். ஞாயிறு மதகு, வெள்ளி பொய். பொய் சொல்லச் சொல்ல அதற்குக் கை கால் முளைத்தது. கணக்கு மாஸ்டர் இரண்டு கூடக் கேட்டார், அவருடைய மனிசி செய்முறை கேட்டாள் என்றெல்லாம் அவிழ்த்துவிட்டேன். தவம் ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துக் கேட்பாள். அவளை அவ்வளவு சந்தோசமாக நான் பிறகு கண்டதில்லை.

அவளுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. கிளினிக்கில் நிறுத்துப் பார்த்துவிட்டு மிட்வைவ் ஏசினாவாம், நிறை ஏறவில்லை, இரத்தமும் காணாது என்று. நானும் என் பங்குக்கு ஏசினேன்.

“கிளினிக்கில தாற சத்துமாவை ஒழுங்காத் தின்னுறனியோ?”

“ஓம், தின்னுறனான்.”

“திண்டா உடம்பில காட்டும்தானே?”

அவள் எழும்பி என் பேணியைக் கழுவப் போனாள்.

ஒரு திங்கட்கிழமை சதுர்த்தி வந்தது. பிள்ளை சுகமாகப் பிறக்க வேண்டும் என்று முறிகண்டியானுக்கு நேர்த்தி. எனக்குத் தெரியாமல், தன் தம்பியின் சைக்கிள் கரியரில் ஏறிப் போயிருக்கிறாள். ஐந்தாம் மாதம். வழியில் ஓங்காளித்துச் சத்தி எடுக்க வந்ததும், நிழலும் சாய்வதற்குக் கட்டும் உள்ள இடமாகப் பார்த்து இறங்கியிருக்கிறாள். மனிசன் இளைப்பாற இறங்குகிற இடத்தில்தானே மனிசியும் இறங்குவாள்.

அந்த வெள்ளியும் நான் வந்து இறங்கினேன். படலையடியில் நின்றாள்.

“எப்பிடி இருந்தது?”

“அடிபட்டுத் திண்டவை. கணக்கு மாஸ்டர் பொக்கற்றுக்குள்ளயும் ரெண்டு வைச்சவர்.”

“பத்தும் முடிஞ்சுதோ?”

“பத்தும்.”

“சரி, காலைக் கழுவிப்போட்டு வாங்கோ.”

மேசையில் தேத்தண்ணீரும் ஒரு கோப்பையும் இருந்தன. கோப்பையில் ஒன்பது பொரிவிளாங்காய். மண் போகக் கழுவித் துடைத்து அடுக்கியிருந்தாள்.

“ஒண்டைக் குரங்கு கொண்டு போயிட்டுது,” என்றாள். “அதுக்கெண்டாலும் பிடிச்சிருக்கு.”

“தவம், அது வந்து…”

“கதையாதேங்கோ. தின்னுங்கோ.”

ஒன்றை எடுத்துக் கடித்தேன். பல் கூசியது.

“கடிக்கிறேல்லை. கொடுப்புக்குள்ள வைச்சு ஊறவிடுறது. என்ர தம்பியாக்கள் காட்டில இருந்து விறகு கட்டிக்கொண்டு வரேக்க அப்பிடித்தான். ஒண்டு நாலு மைலுக்குக் காணும், வேற தேவையில்லை.” கோபம் துளியும் இல்லாத குரல். பள்ளிக்கூடத்தில் நான் மக்குப் பிள்ளைகளோடு கதைக்கிற குரல்.

கன்னத்துக்குள் ஒதுக்கினேன். ஊறியது. மெல்ல மெல்லப் பனங்கட்டியும் பயறும் கரைந்து இறங்கின. சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. அந்த ஆறு மாத ஓட்டத்தில் நான் தின்ற எதையும்விட நன்றாக இருந்தது. ஒரு மரத்தின்கீழ் ஒருநாள் கொடுப்புக்குள் வைத்துப் பார்த்திருந்தால் போதும். எப்படித் தின்பது என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் போதும். அடியில் வேறொரு மாவின் வாசமும் வந்தது.

“இது என்ன மா?”

“கிளினிக்கில எனக்குத் தந்த மா.”

“உனக்குத் தந்ததையோ?”

“நான் வீட்டில சும்மாதானே இருக்கிறன். நீங்கள் முப்பது மைல் மிதிக்கிறியள். எல்லாரும் வேற விரும்பிக் கேக்கினம் எண்டியள்.”

கோப்பையை அவள் பக்கம் தள்ளினேன். “நீ தின்னு தவம். இப்பவே தின்னு.”

“எனக்கு வேண்டாம். மதகுக்குள்ள கிடந்தது.”

துஷி நாலு றாத்தலும் இல்லாமல் பிறந்தாள். கையில் எடுத்தால் துவாய்தான் பாரம். மிட்வைவ் பிள்ளையைப் பார்த்தா, தாயைப் பார்த்தா. “தாற மாவை ஆருக்குக் குடுத்தனி? தாய் தின்னாட்டி பிள்ளை எப்பிடி வளரும்?” என்று வார்ட்டு முழுக்கக் கேட்கும்படி ஏசினா. மற்றத் தாய்மார் எட்டிப் பார்த்தார்கள். தவம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நான் கட்டில் கால்மாட்டில் நின்றேன். வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். பகிடி என்றால் உடனே திறக்கிற வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. மதகில் கொட்டியதைவிட அதுதான் பெரிய பாவம் என்று எனக்குத் தெரியும்.

பிள்ளை தப்பிப் பிழைத்துவிட்டது. பிறகு எல்லோருக்கும் வந்தது எங்களுக்கும் வந்தது. சண்டையின் கடைசி நாட்களில், பங்கருக்குள் பதின்மூன்று வயதுத் துஷி பசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தபோது, எனக்கு அந்த மதகுதான் கண்ணுக்குள் வந்தது. கிழமைக்குப் பத்து, இரண்டரை மாதம். தவம் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் செத்திருப்பேன். முகாமில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதுதான் அவளுடைய தம்பி மிச்சத்தைச் சொன்னான். “அக்கா மதகுக்குள்ள இறங்கி ஒண்டை எடுத்து, அந்தக் குழிக்குள்ள தன்ர பெருவிரலை வைச்சுப் பாத்தவா, அத்தான். வேற ஆரோ செய்ததா இருக்கட்டும் எண்டு நினைச்சிருப்பா.” அதன்பிறகு கோயிலுக்குப் போய்த் தேங்காய் அடித்துவிட்டு, திரும்பி வரும்போதுதான் எல்லாவற்றையும் சேலைத் தலைப்பில் பொறுக்கினாளாம்.

முறிகண்டி இப்போதும் இருக்கிறது, கச்சான் கடலைக்காரரும் இருக்கிறார்கள். நாங்கள் சாரம் விரித்த மரம் இல்லை. வீதியைக் காப்பெற் தார் போட்டு அகட்டியபோது அந்த மதகையும் இடித்து, புதிதாகக் கொங்கிறீற்றில் கட்டிவிட்டார்கள். கணக்கு மாஸ்டர் கனடாவில் கட்டுப்பல்லோடு இருக்கிறாராம். அதெல்லாம் போனால் போகட்டும். எனக்குப் போனது வேறு.

தவம் அன்றிலிருந்து இன்றுவரை எனக்குச் சமைக்கிறாள். ஒருநாள் தவறியதில்லை, உப்புப் புளி தவறியதில்லை. படலையையும் அவளே திறந்துவிடுகிறாள். ஆனால் அந்த வெள்ளிக்குப் பிறகு, தன் கையால் செய்த எதைப் பற்றியும் என்னிடம் “எப்பிடி இருந்தது?” என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. முதலில் கோபம் என்று நினைத்தேன், ஆறும் என்று இருந்தேன். அது கோபமில்லை. என் பதில் அவளுக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கிழமை பயறு வறுக்கிற வாசம் வந்தது. இன்று காலை துஷி பத்துப் பொரிவிளாங்காயோடு போனாள். மத்தியானம் திரும்பி வந்து பேணியைத் திறந்து காட்டினாள்.

“மூண்டு மிச்சம் அம்மா. சரியான இறுக்கம். கொடுப்பு நோகுது.”

தவம் வாய்விட்டுச் சிரித்தாள். “மிச்சத்தைக் கொண்டந்தனியே, அது காணும் எனக்கு.” ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டாள். அவள் அதைத் தின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இன்னொன்றை என் தேத்தண்ணீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள்.

நான் கடிக்கவில்லை. கடிக்கப் பல்லும் இல்லை. கொடுப்புக்குள் ஒதுக்கி, அரை மணித்தியாலம் ஊறவிட்டு, முழுதாகக் கரையும்வரை இருந்தேன். பிறகு குசினி வாசலில் போய் நின்றேன்.

“நல்லா இருந்தது தவம்.”

அவள் அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

“ஆர் கேட்டது?” என்றாள்.