சனிக்கிழமை மூட்டம்

பெராக்கி இருபத்தேழு வருடம் அஸ்மரா நகரத்தில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். அது நல்ல மனிதனையும் கெடுத்துவிடும் வேலை. மீட்டருக்கு மேல் காந்தக்கல்லை ஒட்டி வைத்தவர்களை அவர் பிடித்திருக்கிறார். மீட்டருக்கு முன்னாலேயே குழாயைச் சுவருக்குள் திருப்பிவிட்டு, அந்த இடத்தில் மாதா படத்தை மாட்டி விளக்கேற்றி வைத்திருந்த ஒரு மகராசியையும் பிடித்திருக்கிறார். அதன் பிறகு மாதா படம் மாட்டிய எந்தச் சுவரைப் பார்த்தாலும் காதை வைத்துக் கேட்காமல் அவரால் நகர முடியவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும் கை ஓய்ந்ததே தவிர சந்தேகம் ஓயவில்லை. கடைக்காரர் சிரித்தால் தராசைப் பார்ப்பார். மருமகன் வீட்டுக்கு வந்தால், எதற்கு வந்திருக்கிறான் என்று அவன் போகிறவரை யோசிப்பார்.

அப்படிப்பட்டவருக்கு இரண்டு சிநேகிதர்கள் முப்பது வருடமாக நிலைத்திருந்தார்கள் என்றால் அதற்குச் சைக்கிள்தான் காரணம். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த ஒக்பாய் ஒருவர். டயர் கடை வைத்திருந்த இத்ரீஸ் இன்னொருவர். வருடா வருடம் தை மாதம், திம்கெத் பண்டிகை முடிந்த கையோடு, மூவரும் அஸ்மராவிலிருந்து மஸ்ஸாவாத் துறைமுகம் வரை சைக்கிளில் இறங்குவார்கள். நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். முதல் நாள் கிந்தாவில் தங்கல், மறுநாள் கடல், அதற்கடுத்த நாள் பஸ் கூரையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வீடு. அந்த மலைச்சரிவில் குழந்தைக்கும் தெரிந்த ஒரு விதி உண்டு. இறக்கத்தில் முன்னால் போகிறவரை யாரும் முந்தக்கூடாது. அவர் பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவர்களும் பிடிக்க வேண்டும். பனிமூட்டம் இறங்கினால் வளைவுக்கு வளைவு அவர் விசில் அடிப்பார், அந்தச் சத்தத்தை வைத்துத்தான் மற்றவர்கள் வளைய வேண்டும். முப்பது வருடமாக முன்னால் போனவர் ஒக்பாய். பெராக்கி இந்த உலகத்தில் கேள்வி கேட்காமல் பின்தொடர்ந்தது அந்த ஒரு பின்சக்கரத்தை மட்டும்தான்.

அந்த வருடம் புதன்கிழமையே ரேடியோ சொல்லிவிட்டது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் கிழக்குச் சரிவில் மழை, அடர்ந்த மூட்டம். அடுத்த வாரம் வானம் தெளிந்துவிடும். அன்று மாலை ஒக்பாய் வீட்டில் மூவரும் காப்பிக்கு உட்கார்ந்தார்கள். ஒக்பாயின் மனைவி லெத்தென்சே கொட்டையை வறுத்து, இஞ்சி தட்டிப் போட்டு, முதல் சுற்றை ஊற்றினாள்.

"அடுத்த வாரம் போயிடலாம்பா," என்றார் இத்ரீஸ். "என் முட்டிக்கு மழைன்னாலே ஆகாது. ஒரு வாரத்துல கடல் எங்கயும் ஓடிப்போயிடாது."

"இந்தச் சனிக்கிழமைதான்," என்றார் ஒக்பாய்.

"ரேடியோ கேக்கலியா நீ?"

"கேட்டேன். அதான் சொல்றேன், இந்தச் சனிக்கிழமை."

பெராக்கியின் காது நிமிர்ந்தது. அதான் சொல்றேன் என்றால் என்ன அர்த்தம்? மூட்டம் என்றால் வீட்டில் இருப்பவனைப் பார்த்திருக்கிறோம். மூட்டம் வருகிறது என்பதற்காகக் கிளம்புகிறவனை யார் பார்த்தது?

"எதுக்கு இந்த அவசரம்?" என்றார். "கிந்தாவுல யாராவது காத்துட்டிருக்காங்களா?"

"ஆமா, பொண்ணு பாத்து வச்சிருக்கேன். நீதான் மாப்பிள்ளைத் தோழன்."

லெத்தென்சே சிரித்தாள். அவள் கொஞ்சம் சீக்கிரமாகவே சிரித்துவிட்டதாகப் பெராக்கிக்குப் பட்டது. இரண்டாம் சுற்று வந்தது. மூன்றாம் சுற்று, ஆசீர்வாதச் சுற்று, வந்து குடித்து முடித்தால் பேசியது பேசியதுதான். அதன் பிறகு மாற்றுவது அந்த வீட்டை அவமதிப்பது. பெராக்கி மூன்றாம் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அது ஆறுகிறவரை ஒக்பாயின் முகத்தையே பார்த்தார். ஒக்பாய் அசையவில்லை. கடைசியில் ஆறின காப்பியைக் குடித்துவைத்தார். சனிக்கிழமை உறுதியானது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் கணக்குப் போட்டார். இது இன்று நேற்று வந்த சந்தேகம் இல்லை. இரண்டு மாதம் முன்பு சந்தையில் ஒக்பாய் எதிரே வந்தும், வணக்கம் சொல்லாமல் நேராகத் தாண்டிப் போனார். பெராக்கி அன்று ராத்திரி சாப்பிடவில்லை. போன மாதம் சீட்டாட்டத்தில் ஒக்பாய் சிவப்பு ஜாதிக்குக் கறுப்பைப் போட்டு, "அட, கவனிக்கல" என்றார். வாத்தியாராக இருந்தவருக்குச் சிவப்பும் கறுப்பும் தெரியாதா? அதற்கும் மேல், இப்போதெல்லாம் பேப்பரை நீட்டி, "கண்ணாடிய மறந்துட்டேன், நீயே படி" என்கிறார். ஒருவரை எதற்காவது சாட்சி வைக்க வேண்டுமென்றால்தான் இப்படிப் படிக்கச் சொல்வார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்ததில் பெராக்கிக்கு வந்த விடை ஒன்றே ஒன்றுதான். நம்மைக் கழற்றிவிடப் பார்க்கிறான். மழையில் நாம் வர மாட்டோம் என்று தெரிந்துதான் மழை நாளாகப் பார்த்து வைத்திருக்கிறான்.

இதைக் கண்டுபிடித்ததும் அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. நெஞ்சு வலித்தது. மருமகன் ஏமாற்றினால் தாங்கிக்கொள்ளலாம், ஒக்பாய் ஏமாற்றினால் அப்புறம் இந்த ஊரில் யாருடன் பேசுவது?

வியாழக்கிழமை ஒக்பாய் வெளியே போயிருந்த நேரம் பார்த்துப் பெராக்கி அவர் வீட்டுக்குப் போனார்.

"லெத்தென்சே, அவன் மனசுல என்ன ஓடுது? உள்ளதச் சொல்லு."

"எங்கிட்ட ஏண்ணே கேக்கறீங்க? அவர்கிட்டயே கேளுங்க."

"அவன் சொல்ல மாட்டான்."

"அப்ப நான் சொன்னா மட்டும் நம்பிடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் கண் கலங்கியிருந்ததைப் பெராக்கி பார்த்தார். வெங்காயம் நறுக்கினால்கூடக் கண் கலங்கும் என்று அதையும் சந்தேகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை இத்ரீஸ் கழன்றுகொண்டார். "மூணாவது கோப்பை குடிச்சது தப்புதான். மன்னிப்பு கேட்டுக்கறேன்னு லெத்தென்சேகிட்ட சொல்லிடு. ஆனா முட்டி என்னுது," என்றார். அவரும் கூட்டோ என்று பெராக்கிக்குத் தோன்றியது. தோன்றிய மாத்திரத்தில் ஒரு முடிவுக்கு வந்தார். இடியே விழுந்தாலும் போவது. கையும் களவுமாகப் பிடிப்பது. ஒரு பிளாஸ்டிக் மழைக்கோட்டு வாங்கினார். கடைக்காரர் சிரித்ததால் அதை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார்.

சனிக்கிழமை விடிகிற நேரம். ஒக்பாய் சைக்கிளோடு வாசலில் தயாராக நின்றார். இத்ரீஸ் வரவில்லை என்றதும், "நீயும் வர மாட்டேன்னு நெனச்சேன்," என்றார்.

"நெனச்சிருப்ப," என்றார் பெராக்கி.

"ஊருக்குள்ள நீ முன்னால போ. சரிவு ஆரம்பிச்சதும் நான் போறேன்."

இதுவும் புதுசு. பெராக்கி முன்னால் மிதித்தார், மிதித்த அளவுக்குத் திரும்பித் திரும்பியும் பார்த்தார். ஒக்பாய் ஒட்டியபடியே வந்தார், ஒரு முழம்கூட இடைவெளி விடாமல். கோயில் மணி அடித்தது. ரொட்டிக் கடைகள் திறந்திருந்தன. ஊர் முடிந்து, ரயில் தண்டவாளத்தைத் தாண்டி, சாலை மலை விளிம்புக்கு வந்த இடத்தில் பெராக்கி இறங்கி நின்றார்.

மூட்டமும் இல்லை, மழையும் இல்லை. ரேடியோ சொன்னது அத்தனையும் பொய். மலைகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகக் கடல் பக்கம் இறங்கிப் போயின. கீழே நெஃபாசித் ஊரின் தகரக் கூரைகளை எண்ணிவிடலாம். சூரியன் அப்போதுதான் கிளம்பி இருவர் முகத்திலும் நேராக அடித்தது. தை மாதத்தில் இப்படி ஒரு காலையைப் பெராக்கி பார்த்தே பத்து வருடம் இருக்கும். அவருக்குச் சிரிப்பு வந்தது. உன் திட்டம் பாழாய்ப்போச்சா என்று கேட்கத் திரும்பினார்.

"பாத்தியா?" என்றார் ஒக்பாய் முந்திக்கொண்டு. முகத்தில் அவ்வளவு நிம்மதி. "நான் சொன்னேன்ல. எப்படி அடைச்சிருக்கு பாரு! எல்லாம் ஒரே வெள்ளை. மெதுவாத்தான் போகணும். நான் விசில் அடிக்கிறேன், நீ பின்னால வா."

பெராக்கி அவர் கண்களைப் பார்த்தார். முப்பது வருடத்தில் அந்த மனிதர் செய்ததையெல்லாம் துருவிப் பார்த்தவர், கண்ணை மட்டும் பார்த்ததில்லை. இரண்டு கருவிழிகளிலும் நீர்மோர் போல வெள்ளை படர்ந்திருந்தது. சந்தையில் வணக்கம் சொல்லாதது, சிவப்புக்குக் கறுப்பு, படிக்கச் சொன்ன பேப்பர், லெத்தென்சேயின் வெங்காயம் எல்லாம் ஒரே நொடியில் அவர் தலையில் வந்து விழுந்தன. பாவி, என்னென்ன நினைத்துவிட்டேன்!

அதற்குள் ஒக்பாய் ஒரு காலைப் பெடலில் வைத்துவிட்டார். முதல் வளைவு முப்பது அடியில் இருந்தது. அங்கே போன மழைக்காலத்திலேயே தடுப்புச் சுவர் இடிந்து விழுந்துவிட்டது.

பெராக்கி பாய்ந்து அவர் சீட்டைப் பிடித்தார்.

"ஆமா," என்றார். "மூட்டம்தான். சரியான மூட்டம். என் கையே எனக்குத் தெரியல. எனக்குப் பயமா இருக்கு ஒக்பாய், நடந்தே போவோம்."

ஒக்பாய் இறங்கினார். மலை ஓரமாக, சைக்கிளைத் தள்ளியபடி, இருவரும் நடந்தார்கள். வளைவு வந்தபோது பெராக்கி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நூறடி போயிருப்பார்கள். ஒக்பாய் நின்றுவிட்டார்.

"முப்பது வருஷமாச்சு," என்றார். "நான் சொன்ன ஏதாவது ஒண்ணுக்கு நீ ஆமான்னு சொல்லியிருக்கியா?"

பெராக்கி சாலையில் கிடந்த கல்லைக் காலால் ஓரம் தள்ளினார்.

"ரெண்டும் ரெண்டும் நாலுன்னு சொன்னாக்கூட, யார் சொன்னான்னு கேப்ப. இன்னிக்கு ஒரே வாய்ல ஆமாங்கற." ஒக்பாய் முகத்தை வெயில் பக்கம் திருப்பினார். கன்னத்தில் சூடு பட்டிருக்க வேண்டும். "மூட்டம் இல்ல, இல்லையா?"

"இல்ல."

"ஒண்ணுமே இல்லையா?"

"நெஃபாசித் வரைக்கும் தெரியுது."

ஒக்பாய் சைக்கிளைப் பாறையில் சாய்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "மூட்டத்துல யாருக்குமே ஒண்ணும் தெரியாதுல்ல. எல்லாரும் தட்டுத்தடுமாறித்தான் போவாங்க. வளைவெல்லாம் எனக்கு மனப்பாடம். இந்த ஒரு தடவை யாரும் கண்டுபிடிக்காம முன்னால போயிட்டு வந்துடலாம்னு பாத்தேன். அதோட சைக்கிளை வித்துடலாம்னு."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். கண்ல பூ விழுந்திருக்காம். அறுத்து எடுத்தா பழையபடி தெரியும்னு சொன்னார். செப்டம்பர்ல, மஸ்கல் பண்டிகையப்பவே சொன்னார்."

"அப்புறம்? நாலு மாசமா என்ன பண்ணிட்டிருந்த?"

"நம்பல," என்றார் ஒக்பாய். "இவர் எதுக்கு இவ்வளவு சுலபமா சொல்றார், இதுல இவருக்கு என்ன லாபம், அறுக்கறப்ப இருக்கறதும் போயிட்டா என்ன பண்றதுன்னு யோசிச்சிட்டே வந்துட்டேன். முப்பது வருஷம் உன் பக்கத்துலயே உக்காந்து காப்பி குடிச்சிருக்கேன்ல. வேற எப்படி யோசிப்பேன்?"

அதை அவர் குறையாகச் சொல்லவில்லை, வேடிக்கையாகத்தான் சொன்னார். பெராக்கிக்குத்தான் அது வேடிக்கையாகப் படவில்லை, தன் சைக்கிளையும் சாய்த்தார். அவரும் பாறையில் உட்கார்ந்தார். மேலே ஏறி வந்த ஒரு லாரி ஹாரன் அடித்துத் தாண்டிப் போகிறவரை காத்திருந்தார். தன் வாயிலிருந்து யாருக்கும் வந்திராத வார்த்தை அது.

"அந்த டாக்டரை நம்பு," என்றார்.

ஒக்பாய் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பி, "நீயா சொல்ற?" என்று கேட்டார்.

"நான்தான் சொல்றேன்."

ஒக்பாய் எழுந்து கையை நீட்டினார். பெராக்கி அந்தக் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். இரண்டு சைக்கிளையும் இரண்டு கையால் பிடித்து ஊர்ப் பக்கம் திருப்பி, மேட்டில் தள்ள ஆரம்பித்தார்.