உதாரணம் பிடிக்கப் போன உபதேசியார்

பிரசங்கம் பண்ணுவது பெரிய காரியமில்லை; பிரசங்கத்துக்கு நடுவில் சொல்ல நல்லதாக ஒரு உதாரணம் பிடிப்பதுதான் உபதேசியார் வேலையில் பெரிய காரியம். சனிக்கிழமை சாயங்காலம் வேதாகமத்தை ஒரு கையிலும் தலையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சக உபதேசியார்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் என்னைப் பழனி மலைத்தொடருக்கு அனுப்பினார்கள். குடியிருப்பு கொடைக்கானலில். வடகவுஞ்சி, கூக்கால், பண்ணைக்காடு என்று மூன்று சின்னச் சபைகள். வாரத்துக்கு ஒன்றாகப் போய்வர வேண்டும். அதற்கு முன் கீழே மூன்று ஊர் பார்த்தாயிற்று. மூன்றிலும் ஒரே புகார், நான் வாயைத் திறந்தால் சனங்கள் தூங்கிவிடுகிறார்கள் என்று. எங்களுக்கு மேலே இருந்த குருவானவரை நாங்கள் ஐயர் என்போம். அவர் என்னைக் கூப்பிட்டு, "வீட்டிலயும் காட்டிலயும் தினம் நடக்கிறதை வச்சு வேதத்தைச் சொல்லும். அறுப்பின் பண்டிகைக்கு வந்து, நீர் சொன்னதுல என்ன ஞாபகம் இருக்குன்னு சனங்களையே கேட்பேன். ஒண்ணுமில்லைன்னா இந்த வேலை உமக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டார்.

வேலை போனால் என்ன என்பது எனக்கு நன்றாகத் தெரியும். திண்டுக்கல்லில் மாமனாரின் பலசரக்குக் கடையில், பொட்டலம் மடிப்பதற்கென்று ஒரு முக்காலி எனக்காகக் காத்திருந்தது. என் கல்யாணத்துக்கு மறுநாளே அவர் அதைக் காட்டினார். "மாப்ள வாயை நம்பிப் பொழைக்கிறவரு. எதுக்கும் இது ஒரு ஓரமாக் கெடக்கட்டும்."

தொலைந்த குதிரை

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, மேலே 'உதாரணங்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். முதல் பக்கம் வடகவுஞ்சிக்கு. அங்கே சபையில் பாதிப்பேர் மட்டக்குதிரையில் பொதி ஏற்றி இறக்குகிறவர்கள். ஆட்டைப் பற்றிப் பேசி அவர்களைத் தூங்கவைப்பானேன் என்று, வேதத்தில் வரும் தொலைந்த ஆட்டைத் தொலைந்த குதிரையாக்கிவிட்டேன். "உங்களில் ஒருவனிடம் நூறு குதிரை இருந்து, ஒன்று காட்டில் தப்பிப்போனால், மற்ற தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போகமாட்டானா?" என்று கையை ஓங்கிக் கேட்டேன்.

"மாட்டான்" என்றது ஒரு குரல். சாமிதாஸ். அந்த ஊரிலேயே அதிகக் குதிரை வைத்திருப்பவர். அதிகம் என்றால் ஆறு. பிரசங்கத்தின் நடுவே கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாது என்பது அவருக்குத் தெரியவில்லை. எனக்குச் சுருக்கென்றது. "ஏன் மாட்டான்?" என்றேன், பிரசங்க மேடையிலிருந்தே. அவர் எழுந்து நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பொறுமையாகச் சொன்னார்: "ஒத்தையாப் போயிக் கூப்பிட்டா அது வராதுங்க, பயந்து இன்னும் உள்ளதான் போவும். மிச்ச குருதய எல்லாம் ஓட்டிட்டுப் போகணும். கூட்டத்துச் சத்தம் கேட்டாத்தான் அது கனைக்கும். ஒண்ணு தொலஞ்சா அம்புட்டும்ல தேடணும்."

கூக்காலில் அழுகல்

சாமிதாஸ் சொன்னதை அரைமனதாக நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். கூக்காலில் இப்படி யாரும் குறுக்கே பேசிவிடக்கூடாது என்று, கையில் அத்தாட்சியோடு போனேன். கூக்கால்காரர்களுக்கு உருளைக்கிழங்குதான் உயிர். கோதுமை மணி நிலத்தில் விழுந்து செத்தால்தான் பலன் தரும் என்ற வேத வசனத்துக்கு, கோதுமைக்குப் பதில் கிழங்கு. என் வீட்டுக் கூடையில் நன்றாக அழுகி நீர் வடிந்துகொண்டிருந்த ஒன்றைப் பொறுக்கி, காகிதத்தில் சுற்றி, பதினைந்து மைலுக்கு மேல் அதன் நாற்றத்தோடு நடந்தேன்.

"சகோதரரே, இதோ! இப்படி அழுகினால் அல்லவா புதிய செடி!" என்று அதைத் தூக்கிக் காட்டியதுதான் தாமதம், சபை முழுதும் எழுந்துவிட்டது. என் ஊழியத்தில் முதல்முறையாக ஒருவர்கூடத் தூங்கவில்லை. ஒருவர் என் கையிலிருந்து கிழங்கைத் தட்டிப் பறித்து வெளியே ஓடினார். இன்னொருவர் மண்வெட்டி எடுத்துவரப் போனார். பெண்கள் நான் நின்ற இடத்தில் சாணி கரைத்துத் தெளித்தார்கள். விதைக்கிற பருவத்தில் அழுகல் கிழங்கை அந்த ஊர் எல்லைக்குள் யாரும் கொண்டுவர மாட்டார்களாம். ஒன்றிலிருந்து காடு முழுக்கப் பரவிவிடுமாம். ஓடைத் தண்ணீரில் மூன்று தடவை கை கழுவிய பிறகுதான் எனக்குக் காப்பி கொடுத்தார்கள். கொடுத்த பொன்னையா, தோள்பட்டையைத் தட்டிச் சொன்னார்: "அழுகுனதுலருந்து ஒண்ணும் மொளைக்காதுங்கய்யா. உள்ள உசிரு இருந்தாத்தான் புதைச்சாலும் மேல வரும். அடுத்த வாட்டி வெறுங்கையோட வாங்க."

பாய் கடையில் பத்துக் கன்னிகைகள்

மனம் நொந்து கொடைக்கானல் பஜாருக்கு வந்தேன். லாந்தர், திரி, மண்ணெண்ணெய் விற்கும் பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். விளக்குக் கடைக்காரரிடம் விளக்கைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டால் தப்பு வராதே என்று, கல்யாண வீட்டுக்கு விளக்கோடு போன பத்துக் கன்னிகைகளில், எண்ணெய் தீர்ந்து வெளியே நின்றுபோன ஐந்து பேரின் கதையைச் சொன்னேன். "புத்தியுள்ள ஐந்து பேரும் எண்ணெயைப் பங்கு போடாதது சரிதானே பாய்? பங்கு போட்டால் யாருக்கும் போதாதில்லையா?"

பாய் சிம்னி துடைத்துக்கொண்டே கேட்டார். வெளியே மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கி, எதிர்க்கடை தெரியவில்லை. தெருவில் இரண்டு பேர் ஒரே லாந்தரைப் பிடித்துக்கொண்டு, தோளோடு தோள் உரசிப் போனார்கள். பாய் அவர்களை மோவாயால் காட்டிச் சொன்னார்: "ஒங்க வேத விசயத்துல நான் தலையிடல, உபதேசியாரே. ஆனா எண்ணெயக் குடுக்க வேணாம், சரி, ஆளுக்கு ஒருத்தியக் கூடக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல? அஞ்சு வெளக்கு பத்துப் பேருக்குத் தாராளம்."

கவாத்து

இதை எழுதும்போது சிரிப்பு வரவில்லை. பண்ணைக்காட்டில் காப்பித் தோட்டத்துக்காரர்கள்தான் என் சபை. வருஷா வருஷம் காப்பிச் செடியின் கொப்புகளைக் கழித்துவிடுவதற்குக் கவாத்து என்று பெயர். "கர்த்தர் கவாத்துக்காரர். நேசிக்கிற செடியைத்தான் வெட்டுவார். வெட்டுக்கு நன்றி சொல்லுங்கள்!" என்று முழங்கினேன். நோட்டில் இதற்கு நானே இரண்டு நட்சத்திரம் போட்டு வைத்திருந்தேன். தேவநேசம் என்ற அம்மாள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய எட்டு வயது மகள் காய்ச்சலில் இறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. குழிமேட்டில் ஜெபம் சொன்னவனே நான்தான். உதாரணம் கிடைத்த சந்தோஷத்தில் அதை மறந்துபோனேன். இன்றைக்கும் அந்த வெட்கம் எனக்குத் தீரவில்லை.

எல்லாரும் போன பிறகு அவர் வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபப்பட்டிருந்தாலும் தேவலை. "எங்க வீட்டுக்காரரு இருபது வருசமாக் கவாத்துதான் வெட்டுறாரு. செடிய ரெண்டு சுத்து சுத்திப் பாத்துட்டுத்தான் கத்தியவே எடுப்பாரு. காஞ்சது, வீணாப் போனது, அதத்தான் கழிப்பாரு. பூத்து நிக்கிற கொப்புல கத்தி வைக்க மாட்டாரு" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முடித்தார்: "பூத்த கொப்பு காத்துல முறிஞ்சு கெடந்தா, அன்னிக்கு அவருக்குக் கஞ்சி எறங்காதுங்கய்யா. எம்புள்ள காத்துல முறிஞ்சுச்சு. ஆண்டவருக்கும் அன்னிக்குக் கஞ்சி எறங்கியிருக்காது."

ஐயர் வந்தார்

இரண்டு நட்சத்திரத்தையும் அடித்துவிட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். அதன் பிறகு என் சொந்தச் சரக்கை நிறுத்திவிட்டேன். சாமிதாஸ் சொன்னதைக் கூக்காலில் சொன்னேன், பொன்னையா சொன்னதைப் பண்ணைக்காட்டில் சொன்னேன், பாய் சொன்னதை எல்லா ஊரிலும் சொன்னேன். தேவநேசம் சொன்னதை மட்டும் அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் சொன்னேன். அறுப்பின் பண்டிகைக்கு மூன்று சபையும் பண்ணைக்காட்டில் கூடியது. வாழைத்தாரும் மிளகும் பூண்டும் ஆலயத்து முன்னால் குவிந்திருக்க, ஐயர் நாற்காலியை நடுவில் போட்டு உட்கார்ந்தார். மாமனாரும் வந்திருந்தார். முக்காலியைத் துடைத்து வைத்துவிட்டே வந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

கூக்கால் பெண் ஒருத்தி ஒத்தைக் குதிரையைத் தேடக் கூட்டமே போகவேண்டும் என்று சொன்னாள். பண்ணைக்காட்டுக்காரர் ஒருவர் விளக்கைப் பற்றிச் சொன்னார். ஐயர் முகம் மலர்ந்தது. "நல்லா இருக்கே! உமக்கு எப்படித் தோணிச்சு?" என்று என் பக்கம் திரும்பினார். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிலைத்திருக்கும். ஆனால் சாமிதாஸ் எதிரே உட்கார்ந்திருக்கிறாரே! எழுந்து நின்று, இது சாமிதாஸ் சொன்னது, அது பஜார் பாய் சொன்னது என்று ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டேன். ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். "நீராச் சொன்னது ஒண்ணாவது உண்டா?" "உண்டுங்கய்யா, அழுகல் கெழங்கு" என்றார் பொன்னையா. ஆலயமே சிரித்தது. மாமனார் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"அப்போ வருஷம் முழுக்க இந்த மனுஷன் இங்க என்னதான் செஞ்சார்?" என்று ஐயர் பொதுவாகக் கேட்டார். சிரிப்பு அடங்கியது. முக்காலியின் மூன்று காலும் என் கண்ணுக்குத் தெரிந்தன. அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து தேவநேசம் எழுந்தார். "கேட்டுக்கிட்டாருங்கய்யா. எம்புள்ள போனப்ப வந்தவுக அம்புட்டுப் பேரும் எனக்கு எதையாச்சும் புத்தி சொல்லிட்டுத்தான் போனாக. நாஞ் சொன்னத நின்னு கேட்டது இவரு ஒருத்தருதான்."

ஆக, சக உபதேசியார்களே, அந்த மலையில் இருபது வருஷம் நான் வாயால் பிழைத்ததாக என் மாமனார் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார், காதால் பிழைத்த விஷயம் நமக்குள் இருக்கட்டும்.