முந்தானையில் ஒரு பிளக்கு

சந்திரவல்லி மோட்டார் சைக்கிளைத் தெருவில் நிறுத்திக் கழுவியது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதற்கு முன் ஆறு வருஷமும் வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில்தான் கழுவினாள். பொம்பளை வண்டி துடைப்பதை நாலு பேர் பார்த்தால் நன்றாயிருக்காது என்று அவள் புருஷன் கண்ணுச்சாமி சொல்லியிருந்தான்.

போடியில் அப்போது மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கண்ணுச்சாமி ஏலக்காய்த் தரகன். குரங்கணி வரைக்கும் வண்டியில் போய், அங்கிருந்து தோட்டங்களுக்கு நடந்து ஏறி, காய் பார்த்துப் பேசி முடித்துவிட்டு வருவான். வண்டிச் சத்தம் கேட்டதும் குரங்கணி டீக்கடையில் இருக்கிறவர்கள் எழுந்து இடம் விடுவார்கள். அந்த மரியாதை தனக்கா வண்டிக்கா என்று அவன் யோசித்ததே இல்லை.

வண்டி கொடுத்தது அவளுடைய அப்பா பேச்சிமுத்து. யுத்தத்தில் பட்டாள லாரி ஓட்டியவர். திரும்பி வந்ததும், ஏலத்தில் விட்ட பழைய பட்டாள வண்டி ஒன்றை எடுத்து, தானே பிரித்துக் கோத்து, மகளுக்குச் சீராகக் கொடுத்தார். அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பிரித்துப் போட்ட சாமான்களையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவிச் சாக்கில் பரப்பி வைத்தவள் சந்திரவல்லி. எந்தத் திருகாணி எங்கே போகும் என்பது அவளுக்கு மனப்பாடம். கண்ணுச்சாமிக்குத் தெரிந்தது இரண்டுதான். பெட்ரோல் குழாயைத் திறப்பான், உதைப்பான்.

ஐம்பத்து நாலாம் வருஷம் ஆவணி மாதம். காலையில் சாப்பிட உட்கார்ந்தவன், மத்தியானம் தேவாரம் பக்கம் ஒரு சோலி இருப்பதாகவும், அதற்குள் வண்டி கண்ணாடி மாதிரி ஆகிவிட வேண்டும் என்றும் சொன்னான். என்ன சோலி என்று கேட்டாள். வியாபாரம் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினான்.

கிணற்றுத் தண்ணீர் வண்டி கழுவப் போதாதென்று குழாயடிக்குப் போன இடத்தில் எதிர்வீட்டுச் சுருளியம்மாள் அவளை ஒதுக்கமாகக் கூப்பிட்டாள். சுருளியம்மாளுக்குப் பிறந்த ஊர், தேவாரம் போகிற வழியில் இருக்கும் சிலமலை. அங்கே செல்லக்கிளி என்று ஒரு பெண்ணை, கண்ணுச்சாமியும் அவன் அண்ணன் காசிமாயனும் இன்றைக்குப் பார்க்க வருகிறார்களாம். ஆறு வருஷமாக வயிறு திறக்காதவளை வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்குத்தான் இருப்பது என்று காசிமாயன் கேட்டானாம். ரெண்டாம் தாரம் கட்டக்கூடாதென்று சர்க்கார் சட்டம் போட்டு அப்போதே ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அந்தத் தெருவில் அதை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

சந்திரவல்லி குடத்தோடு வீட்டுக்கு வந்தாள். அழுகை வரும் என்று சற்று நேரம் நின்று பார்த்தாள். வரவில்லை. வண்டியைப் பக்கத்துச் சந்து வழியாகத் தள்ளிக்கொண்டு போய்த் தெரு நடுவில் நிறுத்தினாள்.

மலைச் செம்மண்ணை முதலில் நனைத்து ஊறவிட்டாள். ஊறாமல் தேய்த்தால் பெயிண்டில் கீறல் விழும். பிறகு தேங்காய் நாரால் சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். சங்கிலிக்கு மண்ணெண்ணெய்த் துணி. கைப்பிடிக்கும் விளக்கு வளையத்துக்கும் சலித்த சாம்பல். தோல் இருக்கைக்குத் தேங்காயெண்ணெய். கடைசியில் பழைய வேட்டித் துணியால் பெட்ரோல் டாங்கியைத் துடைக்கத் துடைக்க, எதிர்வீட்டு ஓடுகள் அதில் தெரிந்தன.

போகிறவர் வருகிறவரெல்லாம் என்ன இன்றைக்குத் தெருவில் என்று கேட்டார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள்.

"எம் புருசன் ரெண்டாவது பொண்ணு பாக்கப் போறாரு. அதான் தொடைக்கிறேன்."

கேட்டவர்களால் நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. அவள் பாட்டுக்கு அடுத்த துணியை எடுத்தாள்.

மத்தியானம் அண்ணனும் தம்பியும் சலவை வேட்டியில் வந்தார்கள். காசிமாயன் கையில் பழமும் பூவும் இருந்த பை. தெருவில் கூடி நின்றவர்களைப் பார்த்ததும் கண்ணுச்சாமியின் முகம் மாறியது. வண்டியில் ஏறி உதைத்தான். மிதிகட்டை எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. புஸ்ஸென்று காற்று வந்தது. பத்துத் தடவை உதைத்தான். வேட்டியில் எண்ணெய் பட்டுவிடும் என்று குனிந்தே பார்க்கவில்லை.

"பெட்ரோல் இருக்கா?"

"நெறைய இருக்கு. எஞ்சினுக்குப் பொறி தட்டுற பிளக்குதான் இல்ல." முந்தானை முடிச்சைத் தொட்டுக் காட்டினாள். "இங்க இருக்கு."

காசிமாயன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஆத்தா, தெருவுல வச்சு என்ன இது? குடுத்துரு. வீட்டுக்குள்ள போயிப் பேசிக்கிருவோம்."

"வீட்டுக்குள்ள எங்கிட்ட யாரு பேசுனா? வியாபாரம்னுல்ல சொன்னாரு. இது எங்கப்பா எனக்குக் குடுத்த சீரு. இன்னொருத்தியப் பாக்க இது போகாது. தேவாரம் பஸ்சு இருக்கு, அதுல போங்க."

கண்ணுச்சாமி கையை ஓங்கினான். அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது உறைத்ததும் கை தானாக இறங்கியது. இவள் சும்மா சொல்கிறாள், வண்டிதான் பழுதாகிக் கிடக்கிறது என்று தெருவைப் பார்த்துச் சொன்னான்.

அதைக் கேட்டதும் சந்திரவல்லி முடிச்சை அவிழ்த்தாள். பிளக்கை மாட்டி முறுக்கினாள், ஒயரைச் செருகினாள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே உதைதான் விட்டாள். வண்டி பிடித்துக்கொண்டது. தெருக்கோடி வரை கேட்கும்படி அதை உறும விட்டாள். பிறகு அணைத்துவிட்டு, சூடான பிளக்கைத் துணி போட்டுக் கழற்றி, அந்தத் துணியோடேயே முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அவர்கள் பஸ்சில்தான் போனார்கள். அதே பஸ்சில் செய்தியும் போனது. பெண்ணின் அப்பா, மோட்டாரில் வருவதாகச் சொன்னார்களே என்று கேட்டிருக்கிறார். ரிப்பேர் என்றான் கண்ணுச்சாமி. கதவுக்குப் பின்னாலிருந்து செல்லக்கிளி, "பிளக்கு வீட்டுல இருக்குல்ல, அதான் ஓடல" என்றாளாம். கட்டிக்க மாட்டேன் என்று அன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிட்டாள். எல்லாம் சுருளியம்மாள் மூலம் தெரிந்ததுதான்.

கண்ணுச்சாமி அதன் பிறகு இரண்டு மாதம் அண்ணன் வீட்டிலேயே இருந்தான். அந்த இரண்டு மாதமும் வியாழக்கிழமைதோறும் சந்திரவல்லி வண்டியைத் தெருவில் நிறுத்தித் துடைத்தாள். ஓடாத வண்டியில் துடைக்க என்ன இருக்கிறது, எல்லாம் திமிர் என்றார்கள் சில பெண்கள். ஆமாம், திமிர்தான் என்று சொல்லிவிட்டுத் துடைத்தாள். உள்ளே தனியொருத்திக்கு உலை வைக்க மனசில்லாமல் பழைய சோற்றோடு படுத்த நாட்களும் உண்டு. அதை அவள் யாரிடமும் காட்டவில்லை.

ஐப்பசியில் மலையில் காயெடுப்பு மும்முரமானது. கண்ணுச்சாமி குரங்கணிக்கு லோடு லாரியில் தொற்றிக்கொண்டு போய் வந்தான். டீக்கடையில் யாரும் எழுந்து இடம் விடவில்லை. ஒரு காலையில் வந்து வாசலில் நின்றான். இனி அந்தப் பேச்சு இல்லை என்றான். புள்ளை பிறக்கவே இல்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். பிறக்காவிட்டால் இல்லை என்றான். கடைசிவரை அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லைதான். அவனும் சொன்ன சொல்லை மீறவில்லை.

அன்றைக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ஆறு வருஷத்தில் ஒரு நாளும் அவன் அவளை அந்த வண்டியில் ஏற்றியதில்லை.

"பின்னால நான் உக்காந்து வர்றேன். மொதல்ல சிலமலைக்கு விடுங்க."

"அங்க எதுக்கு?"

"ஊர்த் தெரு வழியா ஒருக்கா போயிட்டு வருவோம்."

அவள் முடிச்சை அவிழ்த்துப் பிளக்கை மாட்டினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு வண்டியை எடுத்தான். சிலமலைக்குள் நுழைந்ததும் வெரசாகக் கடந்துவிடப் பார்த்தான். மெதுவாகப் போங்கள் என்றாள். வாசல்களில் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒரு வீட்டு வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். கண்ணுச்சாமியின் பிடரி விறைத்ததிலிருந்து, அவள்தான் செல்லக்கிளி என்று சந்திரவல்லிக்குத் தெரிந்துவிட்டது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, அவளிடம் போய்க் குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.