மேலப்பாளையத்துச் சால்வை

என் அம்மா சித்ரலேகா போன பங்குனியில் இறந்தாள். மாரடைப்பு. ஆஸ்பத்திரி வாசல் வரைகூடக் கொண்டுபோக முடியவில்லை. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு நாள்தான் முன்னால் வந்து நிற்கிறது. நான் காற்றாலைப் பராமரிப்பு இன்ஜினியர். நடந்ததை நடந்த வரிசையில் எழுதத்தான் வரும்.

அம்மா டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மணி அடித்தால் எடுக்காமல் இருக்க அவளால் முடியாது. பக்கத்து வீட்டில் அடித்தாலும் காது அங்கேதான் இருக்கும். எங்கள் தச்சநல்லூர் வக்கீல் பூதலிங்கம் முதல் முறை தேர்தலில் நின்று எம்.பி. ஆனார். ஆன மறுநாளே வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, வண்ணார்பேட்டைல ஆபீஸ் போடுதேன். போன் எடுக்க நீங்கதான் வரணும்."

"சம்பளம் உண்டா?"

"உண்டுக்கா."

"அப்ப வாரேன். சும்மா வந்தா ஒருத்தனும் மதிக்க மாட்டான்."

ஆபீஸ் திறந்த நாளிலிருந்து போன் ஓயவில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்பார்கள். பி.எஃப். பணம் வரவில்லை என்பார்கள். பாதிப் பேர் நெல்லை எக்ஸ்பிரஸில் எம்.பி. கோட்டாவில் டிக்கெட் கேட்பார்கள். "சாக்கடைக்கு எம்.பி. வர மாட்டாரு, கவுன்சிலர் நம்பர் தாரேன், எழுதிக்கிடுங்க" என்று அம்மா சொல்வது தெரு வரை கேட்கும். வீட்டுக்கு வந்து, அன்றைக்கு யார் யார் பேசினார்கள் என்று குரல் மாற்றி நடித்துக் காட்டுவாள். அப்பா இறந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இதற்கிடையில் நன்றி சொல்லும் சுற்றுப்பயணம் தொடங்கியது. ஜெயித்தவர் திறந்த ஜீப்பில் ஊர் ஊராகப் போய்க் கும்பிட வேண்டும். கொட்டு, வெடி, ஆரத்தி, சால்வை. அம்மா ஜீப்பின் பின்பக்கம் துணிப்பையோடு நின்று மனுக்களை வாங்குவாள். சால்வைகளை வாங்கிப் பின்னால் வரும் வேனில் போடுவது எம்.பி.யின் உதவியாளர் கிங்ஸ்லியின் வேலை.

சால்வையில் ஒரு ரகசியம் உண்டு. எல்லா ஊர்க்காரரும் வாங்கி வைத்திருக்க மாட்டார்கள். ஜீப் வந்து நின்ற பிறகு, "கிங்ஸ்லி, ரெண்டு சால்வை தள்ளுடே" என்று வேனிடம் ஓடி வருவார்கள். முந்தின ஊரில் பிரிக்காமல் கொடுத்த பாக்கெட்டுகள் அவர்களுக்குப் போகும். அவற்றை உடைத்து எம்.பி.க்குப் போடுவார்கள். போட்டோ எடுத்ததும் சால்வை மறுபடி வேனுக்கு வரும். எம்.பி. வீட்டுக்கு ஒன்றும் போகாது.

அன்று எனக்கு லீவு. அம்மாவை ஸ்கூட்டரில் ஆபீசுக்குக் கொண்டுபோய் விட்டேன். முந்தின நாள் மேலப்பாளையத்தில் வாங்கிய மனுக்களைப் பிரித்து வைக்க அவள் ஜீப்புக்குப் போகாமல் ஆபீசில் இருந்தாள். வாசலில் ஒரு பெண் நின்றார். மேலப்பாளையத்துக்காரர், பெயர் சித்தி ஜனாபா. பீடி சுற்றுகிறவர்.

"யக்கா, நேத்து கொடுத்த மனுவுல எம் மக மார்க் சீட்டு இருக்கு. அத மட்டும் தந்திருங்க."

அவர் மகள் மர்ஜானாவுக்குக் கால்நடை மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. மறுநாள் கல்லூரியில் சேர வேண்டும். கல்விக் கடனுக்கு பேங்கில் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி மனு.

"ஜெராக்ஸா, அசலா?"

"அசல்தான்க்கா. லேமினேஷன் பண்ணது. ஜெராக்ஸ வெச்சா எம்.பி. மதிப்பாரான்னு நெனச்சேன். அசல் காட்டலன்னா நாளைக்கி இடத்த அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துருவாங்களாம். அது எனக்கு ராத்திரிதான் தெரியும்."

அம்மா பையைக் கவிழ்த்துத் தேடினாள். இல்லை.

"என் கையிலயா தந்தீங்க?"

"கூட்டத்துல உங்கள எட்ட முடியல. சால்வை பாக்கெட்டுக்குள்ள சொருகி எம்.பி. கையிலயே கொடுத்துட்டேன். வீட்டுல பிரிக்கும்போது பாப்பாருல்லா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அந்தச் சால்வைகளை ஏற்றிக்கொண்டு வேன் காலையிலேயே முன்னீர்பள்ளம் போய்விட்டது. கிங்ஸ்லிக்கு அடித்தோம். எடுக்கவில்லை. கொட்டுச் சத்தத்தில் கேட்டிருக்காது. எம்.பி.யின் போனும் அவனிடம்தான் இருக்கும்.

"நீங்க இங்கன இருங்க" என்றாள் அம்மா சித்தி ஜனாபாவிடம். "போன் அடிச்சா எடுங்க. அம்மா வந்துருவாங்கன்னு மட்டும் சொல்லுங்க, போதும். ஏலே நடராஜா, வண்டிய எடு."

குலவணிகர்புரம் கேட் அடைத்திருந்தது. ரயில் வருகிற அறிகுறியே இல்லை. அம்மா பின்சீட்டில் இருந்து கேட்கீப்பரைத் திட்டினாள், ரயில்வே மந்திரியைத் திட்டினாள், கடைசியில் என்னைத் திட்டினாள். கேட் தூக்கியதும் நான் விரட்டிய விரட்டில் அவள் என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாய் மட்டும், "இன்னும் விரட்டுலே" என்றது.

முன்னீர்பள்ளத்தில் ரோடு முழுக்க வெடித்த சரவெடியின் சிவப்புக் காகிதம். ஜீப் இல்லை. தருவையில், "இப்பதான் போனாங்க" என்றார்கள். கோபாலசமுத்திரத்தில் பிடித்துவிட்டோம். எம்.பி. மாலையும் வியர்வையுமாக ஜீப்பில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா நேரே வேனுக்குள் ஏறினாள். மிச்சமிருந்த பாக்கெட்டுகளை எல்லாம் உடைத்தோம். எதிலும் இல்லை.

விஷயத்தைக் கேட்ட கிங்ஸ்லி சொன்னான்: "முன்னீர்பள்ளத்துல ஒண்ணும் கொடுக்கலக்கா. அங்க அவங்களே வெச்சிருந்தாங்க. தருவையிலதான் கேட்டாங்கன்னு அள்ளிக் கொடுத்தேன்."

"சால்வை உங்கிட்ட திரும்பி வந்திருக்கும். பாக்கெட்டும் உள்ள இருந்த அட்டையும்?"

"அது அங்கனயே போட்டிருப்பாங்க."

அம்மா இறங்கிப் போய் ஜீப்பின் கம்பியைத் தட்டினாள். விஷயத்தைச் சொன்னாள். எம்.பி. குனிந்து காதில் வாங்கினார்.

"தருவைக்குத் திரும்பிப் போய் மைக்குல சொல்லணும் தம்பி" என்றாள் அம்மா.

"அக்கா, ஒரே சால்வையச் சுத்திச் சுத்திப் போடுதோம்னு தெரிஞ்சா மானம் போயிரும். எல்லாவனும் செல்லுல படம் எடுக்கான்."

"போனாப் போகட்டும். ஓட்டு எண்ணி முடிஞ்சிட்டுல்லா. அந்தப் பிள்ளைக்கு நாளைக்கி விட்டா இடமில்ல."

எம்.பி. மாலையைக் கழற்றிக் கம்பியில் மாட்டினார். பிறகு டிரைவரிடம், "ஜீப்பத் திருப்பும்வே" என்றார்.

தருவைக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எம்.பி. இரண்டாம் தடவை வருகிறார் என்றதும் கொட்டுக்காரர்கள் மறுபடி அடிக்கத் தொடங்கினார்கள். ஒரு பெண் ஆரத்தித் தட்டைக் கழுவிப் போட்டுவிட்டதாகச் சொல்லி வீட்டுக்கு ஓடினார். அம்மா ஜீப்பில் ஏறி மைக்கைப் பிடித்தாள். கொட்டு நின்றது.

"தருவை பெரியவங்களே, தாய்மாரே. காலையில எம்.பி.க்கு நீங்க போட்ட சால்வை நேத்து மேலப்பாளையத்துல வாங்குனது. அந்தப் பாக்கெட்டுல ஒரு பிள்ளையோட மார்க் சீட்டு மாட்டிக்கிட்டு. லேமினேஷன் பண்ணது. நாளைக்கி அது இல்லன்னா பிள்ளைக்குக் காலேஜ் இல்ல. குப்பையில கெடந்தாலும் எடுத்துத் தாங்க."

கூட்டத்திலிருந்து யாரோ கத்தினார்: "அப்ப நாங்க அடுத்தவன் சால்வையப் போட்டுத்தான் போட்டோவுக்கு நின்னோமா வே?"

"நீ என்னைக்குச் சொந்தக் காசுல போட்ட?" என்றார் இன்னொருவர்.

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. எம்.பி.யும் சிரித்தார். பிறகு எல்லாரும் குனிந்து தேடினார்கள். டீக்கடைக் கூடை, வாறுகால் சாக்கடை, பஸ் நிறுத்தத்தின் பின்பக்கம். பிளாஸ்டிக் பாக்கெட்டுகள் கிடைத்தன. அட்டைகள் கிடைத்தன. மார்க் சீட்டு இல்லை. அம்மா மைக்கைப் பிடித்தபடியே ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த ஊர்க் கட்சிக் கிளைச் செயலாளர் பிச்சைக்கண்ணு கடை நிழலில் நின்று வியர்வைக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கையில என்ன?"

"விசிறி... சால்வைக்குள்ள இருந்த அட்டைம்மா. நல்லா காத்து வருதேன்னு வெச்சிருக்கேன்." திருப்பிப் பார்த்தார். "ஏ, இதுல பிள்ளை படம்லா போட்டிருக்கு."

மறுபடி வெடி போட்டார்கள். யார் போடச் சொன்னது என்று தெரியவில்லை. அம்மா அந்த அட்டையைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு ஆபீசுக்குப் போன் அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"எம்.பி. ஆபீஸ். அம்மா வந்துருவாங்க" என்றது சித்தி ஜனாபாவின் குரல்.

"நான்தான் பேசுதேன். கிடைச்சிட்டு."

அந்தப் பக்கம் வெகுநேரம் அழுகை மட்டும். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "யக்கா, ஒருத்தர் நெல்லை எக்ஸ்பிரஸ்ல நாலு டிக்கெட் கேட்டாரு. பாவமா இருந்துச்சு, தாரோம்னு சொல்லிட்டேன்" என்றார்.

மறுநாள் காலை கல்லூரி வாசலில் நானும் அம்மாவும் சித்தி ஜனாபாவும் நின்றோம். மர்ஜானா வெறுங்கையோடு வெளியே வந்தாள்.

"சேத்துக்கிட்டாங்க உம்மா."

"மார்க் சீட்டு எங்க?"

"அசல அவங்களே வாங்கி வெச்சுக்கிட்டாங்க."

"ரசீது வாங்குனியாளா?" அம்மாவும் சித்தி ஜனாபாவும் ஒரே மூச்சில் கேட்டார்கள். வாங்கவில்லை.

அம்மா கைப்பையை இடுக்கிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள். வாட்ச்மேன் கையை நீட்டித் தடுத்தார். "எம்.பி. ஆபீஸ்" என்றாள். அவர் கையை இறக்கிவிட்டார். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். அந்த முதுகுதான் எனக்கு இப்போதும் தெரிகிறது.

ரசீதோடு வந்தாள்.