டத்தோ சாமிக்கு முதல் தட்டு

நாற்பது வயதுக்கு மேல் என் மனைவி பட்டப்படிப்பில் சேர்ந்தாள். சனிக்கிழமை வகுப்பில் ஜெர்மன், ஆங்கிலம் போன்ற மொழிகள் பிறந்த கதையைப் பற்றி அவள் பேச வேண்டும். போன முறை அவள் பேசியது யாருக்கும் விளங்கவில்லையாம். அதனால் வெள்ளிக்கிழமை காலை, நான் படையலுக்குத் தட்டு எடுத்து வைக்கும்போது என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்களுக்கு விளங்குனா ஊருக்கே விளங்கும் லா.”

“கொழுப்பு! சரி, சொல்லு.”

எழுத்தே இல்லாத காலத்தில், மாடும் வண்டியுமாக ஒரு கூட்டம் வடகடல் பக்கம் போய், அங்கே முன்பே இருந்தவர்களோடு கலந்ததாம். அந்தக் கலப்பில் பிறந்த இந்த மொழிகளில் கடல், கப்பல் சம்பந்தமான சில சொற்கள் அந்தப் பழைய ஜனங்களுடையவையாக இருக்கலாம் என்கிறார்கள். மறுப்பவர்களும் உண்டாம்.

“அந்தப் பழைய ஜனங்க என்னா ஆனாங்க?”

“கலந்துட்டாங்க. பாஷை போச்சு, சொல்லு மட்டும் நிக்குது.”

என் கையில் மஞ்சள் சோற்றுத் தட்டு இருந்தது. பீடோங்கில் எங்கள் வீட்டு வேலியோரம் டத்தோ சாமி இருக்கிறார், இந்த மலாய் மண்ணின் காவல் தெய்வம். தமிழர்கள் நாங்கள் கப்பலேறி இங்கே வருவதற்கு முன்பே இந்த மண்ணைக் காத்தவர். முருகனுக்கே அவருக்கு அப்புறம்தான் படையல்.

“நாம வந்து இவருக்கு முதல் தட்டு வச்சோம். மாட்டு வண்டியில வந்தவங்க அந்தப் பழைய ஜனங்களோட சொல்ல வச்சிக்கிட்டாங்க. அப்படித்தானே?”

அவள் கையிலிருந்த குறிப்புத் தாளைக் கீழே வைத்தாள். “ஐயோ, இதையே சொல்லிடுறேங்க!”

மறுநாள் சிரித்தபடி வந்தவள், கைப்பையைக்கூட இறக்காமல் நேராக வேலியோரம் போய் வெற்றிலை வைத்தாள்.

“எல்லாருக்கும் விளங்கிடுச்சு, டத்தோ.”

எனக்கு நன்றி அதற்கப்புறம்தான் வந்தது, ஒரு கோப்பை தேநீரோடு.