கதண்டு குடியிருந்த விமானம்

மூன்று வருடங்களுக்கு முன், பங்குனி மாதம். நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு என் அண்ணன் வந்திருந்தார். விமானப்படையில் சேர ஆசைப்பட்டு, கண் பரிசோதனையில் தேறாமல் திரும்பியவர். ஆசை மட்டும் விடவில்லை. ஓய்வு கொடுத்த போர் விமானங்களை எந்த ஊர்ப் பூங்காவில், எந்தக் கல்லூரி வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று விசாரித்துத் தேடிப் போவார். வாலில் உள்ள எண் தெரிய ஒரு படம் எடுத்துக்கொண்டால்தான் திருப்தி.

மந்தாரக்குப்பம் தாண்டி, மூடிக் கிடந்த ஒரு தனியார் கல்லூரி வாசலில் ஒன்று நிற்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். என் கணவர் முதல் ஷிப்டில் இருந்ததால் நானே ஸ்கூட்டியில் அழைத்துப்போனேன். முந்திரித் தோப்பை ஒட்டி, சிமென்ட் மேடையில், பெயின்ட் உரிந்து நின்றது.

"பாப்பா, நம்பர் தெரியற மாதிரி எடு" என்று அண்ணன் மேடையில் ஏறினார். மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல அதன் வயிற்றில் பலமாகத் தட்டினார்.

வால் பக்கத்துப் பெரிய குழாய்க்குள் கதண்டு என்கிற விஷக் குளவி கூடு கட்டியிருந்தது எங்களுக்குத் தெரியாது.

கரும்புகை போலத்தான் கிளம்பின. அண்ணன் குதித்து, நான் நின்ற பக்கம் வராமல், எதிர்ப்பக்கமாக ஓடினார். நான் அலறிக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன். அவர் திரும்பி ஏதோ கத்தினார். என் அலறலில் அது காதில் விழவில்லை.

தோப்பில் முந்திரி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடிவந்து என்னைக் கீழே தள்ளி, கையிலிருந்த தார்ப்பாயைப் போட்டு மூடி, மேலேயே படுத்துக்கொண்டார்.

"வுடுங்க, எங்கண்ணன்!"

"போவாதம்மா! போனா ரெண்டு உசுரும் போவும்!"

அடித்தேன், கடித்தேன். பிடி தளரவில்லை. வெளியே அண்ணனின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கேட்கவில்லை.

ஆட்கள் ஓலையைக் கொளுத்திக்கொண்டு வந்து எங்களைத் தூக்கினார்கள். பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரியில் அண்ணன் போய்விட்டார். அந்த அம்மாவும் கழுத்தெல்லாம் வீங்கி அதே ஆஸ்பத்திரியில்தான் கிடந்தார். நான் எட்டிப் பார்க்கவில்லை. என்னை விட்டிருந்தால், அந்தத் தார்ப்பாய் அண்ணனுக்குக் கிடைத்திருக்குமே என்ற கோபம். அதை யாரிடமும் சொல்லவில்லை.

வருஷ திதி முடிந்த மறுநாள் அண்ணிதான் கேட்டார்: "உன்னைக் காப்பாத்தின அம்மாவை ஒரு தடவையாவது போய்ப் பார்த்தியா?"

போனேன். தோப்பை ஒட்டிய தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்தார். அவராகவே சொன்னார்.

"நானு அவராண்டதாம்மா தார்ப்பாய எடுத்துக்கினு ஓடுனேன். கிட்ட வராதன்னு கைய ஆட்டுனாரு. 'என்ன வுடு, எந் தங்கச்சியப் புடி, எந் தங்கச்சியப் புடி'ன்னு கத்திக்கினே ஓடுனாரு. அதான் திரும்பி வந்து உன்னப் புடிச்சேன். அவர வுட்டுட்டு வந்தனேன்னு எனக்கு இன்னும் தூக்கம் கெடையாதும்மா."

அவர் மடியில் முகம் வைத்து, அண்ணன் போன பிறகு முதல் முறையாக வாய்விட்டு அழுதேன். இப்போதெல்லாம் யார் மேலாவது கோபம் வந்தால், அவர்கள் தரப்பில் எனக்குக் கேட்காமல் போன வார்த்தை ஏதேனும் இருக்குமோ என்று ஒரு நிமிஷம் நின்று யோசிக்கிறேன்.